திருவாரூர்–காரைக்குடிப் பாதையைப் பங்கிட்டுக்கொண்ட நால்வருக்கு

நாகப்பட்டினம், தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களுக்கு,

நீங்கள் நால்வரும் நான்கு கட்சிக்காரர்கள். 2024 தேர்தலில் ஒரே அணியில் நின்று வென்றீர்கள். உங்களை ஒரே மடலில் அழைப்பதற்கு அது காரணமில்லை. திருவாரூரில் தொடங்கிக் காரைக்குடியில் முடியும் 149 கிலோமீட்டர் ரயில் பாதை உங்கள் நான்கு தொகுதிகளுக்குள்தான் கிடக்கிறது. திருவாரூர், திருநெல்லிக்காவல், திருத்துறைப்பூண்டி, தில்லைவிளாகம், முத்துப்பேட்டை எல்லாம் நாகப்பட்டினத்துக்காரருடைய பங்கு. அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி தஞ்சாவூர்க்காரருக்கு. அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்தான், ஆனால் மக்களவைக்கு அது ராமநாதபுரம். கடைசியில் கண்டனூர் புதுவயலும் காரைக்குடியும் சிவகங்கை.

இந்தப் பங்கீட்டில் ஒரு வினோதம் இருக்கிறது. நால்வருக்கும் ஆளுக்கொரு துண்டு உண்டு. யாருக்கும் அது முதல் கவலை இல்லை. நாகப்பட்டினத்தின் ரயில் கவலை வேளாங்கண்ணியையும் துறைமுகத்தையும் சுற்றி. தஞ்சாவூரின் கவலை விழுப்புரம் வரை ஒற்றைப் பாதையாகக் கிடக்கும் மெயின் லைனை இரட்டிப்பது. ராமநாதபுரத்துக்குப் பாம்பன் பாலம். காரைக்குடிக்குச் சென்னை போக வேண்டுமென்றால் திருச்சி வழியாகப் பல்லவன் இருக்கிறது. பட்டுக்கோட்டையில் நின்று பார்த்தால்தான் இந்தப் பாதை நடுவாகத் தெரியும். உங்கள் நான்கு தொகுதி அலுவலகங்களிலிருந்து பார்த்தால் அது ஓரம்.

ரயில்வேயின் கணக்கிலும் இதே கதை. திருவாரூர்–காரைக்குடிப் பாதை திருச்சிக் கோட்டம். காரைக்குடி நிலையத்திலிருந்து தெற்கே மதுரைக் கோட்டம். கோட்டங்களின் எல்லையில் கிடக்கும் பாதைக்கு எந்தக் கோட்ட மேலாளரும் தூக்கம் கெட்டு உழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பாதை யாருடைய தயவிலும் வந்ததில்லை என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் ரயில் விட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. லண்டனிலிருந்து வந்த கம்பெனிப் பணம் அல்ல. ஜில்லாவின் மிராசுதாரரும் குடியானவரும் நிலவரியோடு சேர்த்துக் கட்டிய தீர்வையில் சேர்ந்த பணம். ரயிலை ஓட்டிக்கொடுத்தது மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1902இல் அது பட்டுக்கோட்டைக்கு வந்தது, அடுத்த ஆண்டு அறந்தாங்கிக்கு. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடி வரையிலான கடைசித் துண்டுக்குச் சுதந்திரம் வரவேண்டியிருந்தது. ஒரு ஜில்லா போர்டு தன் ஜனங்களிடம் காசு வசூலித்துத் தானே ரயில் பாதை போட்ட காலம் அது. இன்றைக்கு ஒரு நகராட்சி தன் பேருந்து நிலையத்துக்குக் கழிப்பறை கட்டுவதற்கே எத்தனை கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த மீட்டர்கேஜ் தடத்தில்தான் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடியது. எழும்பூரிலிருந்து மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்கு இரவு ரயில். கம்பன் பிறந்த ஊராகச் சொல்லப்படும் தேரழுந்தூர் அந்த வழியில் மயிலாடுதுறைக்குப் பக்கம். அவர் அடங்கியதாகச் சொல்லப்படும் நாட்டரசன்கோட்டை காரைக்குடி முனைக்குப் பக்கம். ரயிலுக்குப் பெயர் வைத்த அந்த அதிகாரி யாராயிருந்தாலும் ஊரறிந்தவர். 2006 இறுதியில் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையை அகலப்பாதையாக்க மூடியபோது அந்த ரயிலும் நின்றது. வேலை முடிந்ததும் வந்துவிடும் என்றார்கள். விழுப்புரம்–மயிலாடுதுறை 2010இல் திறந்தது. கம்பன் வரவில்லை, ஏனென்றால் மயிலாடுதுறைக்குத் தெற்கே இன்னும் மீட்டர்கேஜ்.

பிறகு எங்கள் முறை வந்தது. மயிலாடுதுறை–திருவாரூர்–காரைக்குடி, அதோடு திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளிக் கிளை, இரண்டும் சேர்ந்து 224 கிலோமீட்டர். காகிதத்தில் ஒரே திட்டம். திருவாரூர்–காரைக்குடித் தடம் 2012இல் மூடப்பட்டது. காரைக்குடி–பட்டுக்கோட்டை 73 கிலோமீட்டர் 2018 மார்ச்சில் திறந்தது. பட்டுக்கோட்டை–திருவாரூர் 76 கிலோமீட்டரில் பயணிகள் ரயில் ஓடியது 2019 ஜூன் 1ஆம் தேதி. இடையில் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிப் பேராவூரணி வரை தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. ஏழாண்டுத் தாமதத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று யாரும் சொல்லலாம். ஆனால் புயல் வந்தது ஆறு ஆண்டுகள் கழிந்த பிறகு.

ஏழு ஆண்டுகள் என்பதைக் கணக்காகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். முத்துப்பேட்டையில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ஊருக்குள் ரயில் ஓடிப் பார்க்காமலே பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியூர் போய்விட்டது. காலைப் பாசஞ்சரில் கூடையேற்றித் திருவாரூர்ச் சந்தைக்கும் காரைக்குடிச் சந்தைக்கும் போய் வந்த பெண்கள் மினி லாரிக்கு மாறினார்கள், அல்லது வியாபாரத்தையே விட்டார்கள். சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஆம்னி பஸ் பழகியது. பட்டுக்கோட்டையில் ஆம்னி பஸ் அலுவலகங்கள் வரிசையாக முளைத்ததில் ரயில்வேயின் பங்கு பெரிது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அங்கே டிக்கெட் என்ன விலைக்கு விற்கிறது என்பதை உங்கள் தொகுதி அலுவலகத்தில் இருக்கும் பையனைக் கேட்டாலே சொல்வான்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பாதை தாமதமானதைப் பற்றி மட்டும் எழுதுவதென்றால் இந்த மடலே வேண்டாம். இந்த நாட்டில் தாமதமாகாத பாதை எது? பாதை முடிந்த பிறகு நடந்ததுதான் விசித்திரம்.

2019 ஜூனில் வந்த அந்த முதல் டெமு ரயில், காலையில் திருவாரூரை விட்டுக் கிளம்பி 149 கிலோமீட்டரைக் கடந்து காரைக்குடி சேர ஏறத்தாழ ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டர். தண்டவாளம் புத்தம் புதிது, ஜல்லி புதிது, பாலங்கள் புதியவை. பிறகு ஏன்? கேட்டில் ஆள் இல்லை.

அகலப்பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்கே இருக்கக் கூடாது என்று முடிவெடுத்து, 2019 ஜனவரியோடு அதை ரயில்வே நிறைவேற்றியது. அருமையான முடிவு; எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும். அதன் பொருள், எங்கள் பாதையில் இருக்கும் ஒவ்வொரு கேட்டுக்கும் ஆள் வேண்டும், அல்லது கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை வேண்டும். டெல்டாவில் வயலுக்கு வயல் சாலை, வாய்க்காலுக்கு வாய்க்கால் வண்டிப்பாதை. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கேட் என்கிற கணக்கில் வந்தது. கேட்டைக் கட்டினார்கள், பக்கத்தில் கேட்கீப்பருக்கு அறையும் கட்டினார்கள். அறைக்குள் உட்கார ஆளை நியமிக்கவில்லை.

ஆகவே கேட்கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். ரயில் கேட்டுக்கு முன்னால் நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிப்போய்க் கேட்டைச் சாத்துவார். ரயில் மெல்லக் கடந்து மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார். ரயில் கிளம்பி வேகம் பிடிப்பதற்குள் அடுத்த கேட். இப்படியே திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை. சிரிக்காமல் இதை எழுதுவது கடினம். உள்ளே உட்கார்ந்து வந்த ஜனங்கள் சிரித்தார்கள், முதல் சில வாரம். பிறகு பஸ்ஸுக்கே திரும்பினார்கள். ரயிலில் கூட்டம் இல்லை என்று அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள்.

பந்தல் போட்டு, பத்திரிகை கொடுத்து, சமையல்காரருக்குச் சொல்ல மறந்த கல்யாண வீடு இது. மறதி என்று விட்டுவிடலாமென்றால், ஒரு பாதைக்கு எத்தனை கேட் வரும், எத்தனை நிலையம் வரும் என்பது வரைபடம் போட்ட நாளிலேயே தெரிந்துவிடும் விஷயம். ஒரு கேட்டை இரவும் பகலும் காக்க எத்தனை பேர் வேண்டும் என்பது பெருக்கல் கணக்கு. பாதை மூடிக் கிடந்த ஏழு ஆண்டுகளில் அந்தக் கணக்கைப் போட்டு ஆளெடுத்துப் பயிற்சி கொடுத்திருக்கலாம்.

ஏன் நடக்கவில்லை என்பதற்கு ரயில்வேக்குள் விடை இருக்கிறது. பாதை போடுவது கட்டுமானப் பிரிவு. முடித்ததும் அது சாவியைக் கோட்டத்திடம் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ரயிலை ஓட்டுவது கோட்டத்தின் பாடு. கோட்டத்துக்குப் புதிய பணியிடம் வேண்டுமென்றால், வேறெங்காவது அதற்கு ஈடான பணியிடத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது அங்கே நெடுநாள் நடைமுறை. பாதைக்கு மூலதனமாகக் கோடிக்கணக்கில் கொடுக்கும் அதே அமைச்சகம், அதன்மேல் நிற்கப்போகும் மனிதனின் சம்பளத்துக்குக் கை நடுங்குகிறது. பாதை போட்டதை நாடா வெட்டிக் காட்டலாம். கேட்கீப்பர் நியமனத்துக்கு யார் நாடா வெட்டுகிறார்கள்?

இதை நான் ரயில்வே ஊழியர்களைக் குறை சொல்லி எழுதவில்லை. வெயிலில் நாளெல்லாம் ரயிலிலிருந்து குதித்துக் கேட் போட்டவர்கள்தான் அந்தப் பாதையை உயிரோடு வைத்திருந்தார்கள். பிறகு முன்னாள் ராணுவத்தினரை ஒப்பந்தத்தில் கேட்டுகளில் அமர்த்தும் வழி வந்தது. அதற்குள் ஓடத் தொடங்கிப் பத்தே மாதத்தில் கொரோனா வந்து, 2020 மார்ச்சில் நின்ற ரயில் 2021 ஆகஸ்டில்தான் திரும்பியது. ஓட்டவேகமும் நாளடைவில் கூடியிருக்கிறது. ஆனால் முதல் முறை ஏறியவன் அனுபவம் அப்படியே மனத்தில் நிற்கும். ஒரு பாதையை மக்கள் பழகும் முதல் ஓராண்டைப் பாழாக்கியவர்கள், அந்தப் பாதைக்கு ஆளில்லை என்று பிறகு பேசுவதில் நியாயமில்லை.

கிளைப் பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி வெறும் 37 கிலோமீட்டர். 1930இல் ராஜாஜி தலைமையில் வந்தவர்கள் உப்பள்ளிய இடம் அந்த அகஸ்தியம்பள்ளி. 2023 ஏப்ரல் 8 அன்று 294 கோடி ரூபாய் செலவில் முடிந்ததாகச் சொல்லிப் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேதாரண்யத்துக்கு ரயில் இல்லாமல் இருந்தது. உப்பு ஏற்றுவதற்காக என்று திறப்பு விழாவில் சொல்லப்பட்ட பாதையில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று நாகப்பட்டினம் உறுப்பினர் அவையில் ஒரு கேள்வி போட்டு வாங்கிவிடலாம்.

அதே நாளில்தான் தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸும் தொடங்கியது. திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாக, பிறகு வாரத்தில் மூன்று நாள். எர்ணாகுளம்–வேளாங்கண்ணி ரயிலும் எங்கள் வழியாகப் போகிறது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்துத் தாம்பரம்–ராமேஸ்வரம் தினசரி ரயிலும் தொடங்கியது. அதுவும் இந்தப் பாதைதான். கம்பன் நின்று பதினெட்டு ஆண்டு கழித்துப் பட்டுக்கோட்டைக்குத் தினமும் சென்னை போக ஒரு ரயில். வரவேற்கிறோம். ஊர் ஊராக இனிப்பு வழங்கி வரவேற்றோம்.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். தாம்பரத்தை மாலை ஆறு மணிவாக்கில் விட்டு விடியற்காலையில் ராமேஸ்வரம் சேர வேண்டும் என்று அந்த ரயிலின் அட்டவணை போடப்பட்டது. அக்னி தீர்த்தத்தில் நீராடப் போகிறவர்களுக்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது. எங்கள் ஊர்களுக்கு அது நள்ளிரவு. திரும்பி வரும்போது தாம்பரத்தில் இறக்கிவிடுவது மின்சார ரயில்கூடக் கிளம்பாத அதிகாலையில். இரவு ஒன்பது மணிக்குத் தாம்பரத்தை விடும் செங்கோட்டை ரயிலோ விடிவதற்கு வெகு முன்னாலேயே எங்களைக் கடந்துவிடுகிறது. ராமேஸ்வரமும் செங்கோட்டையும் முனைகள். முனைக்கு ஏற்ற நேரம் நடுவில் இருப்பவனுக்கு அகாலம். வயதான தாயாரை மருத்துவத்துக்காகச் சென்னைக்கு அழைத்துப் போய்த் திரும்புகிறவர், பேராவூரணி நிலையத்தில் நடுச்சாமத்தில் இறங்கி ஆட்டோ தேட வேண்டும். அவர் ஆம்னி பஸ்ஸில்தான் ஏறுவார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

இதுதான் இந்தப் பாதையின் இன்றைய நோய். எங்கள் ஊர்களின் பெயரால் கேட்டு, எங்கள் நிலத்தின் மேல் போட்ட பாதை, எங்கிருந்தோ எங்கோ போகிறவர்களுக்குக் குறுக்கு வழியாகிவிட்டது. செகந்திராபாத்–ராமேஸ்வரம் சிறப்பு ரயில் போயிருக்கிறது, கேரளத்திலிருந்து வேளாங்கண்ணி மாதாவைப் பார்க்க வருகிறவர்கள் போகிறார்கள். போகட்டும், ஜன்னலோரம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கத்துக் காற்றையும் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் இந்தப் பாதை வழியாக ஓடி இந்தப் பாதையிலேயே முடிகிற சென்னை ரயில் ஒன்றுகூட இல்லை. மீட்டர்கேஜ் காலத்தில் இருந்தது.

வருமானம் இல்லை என்ற பேச்சு வரும். உங்கள் காதுக்கும் வந்திருக்கும். எனவே மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதையை நினைவூட்டுகிறேன். 1980களில் வருமானக் கணக்கைக் காட்டி மூடப்பட்டது. இன்று தேடினால் தண்டவாளம் கிடைக்காது. ஒரு பாதையைக் கொல்ல அதைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. யாருக்கும் உதவாத நேரத்தில் ரயிலை விட்டு, காலிப் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தால் போதும். பட்டுக்கோட்டையிலும் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் வீட்டுக்கு ஒருவர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். விமானம் பிடிக்கச் சென்னைக்கோ திருச்சிக்கோ போகாத நாள் இந்த ஊர்களுக்கு இல்லை. தாம்பரத்தில் இறங்கினால் மீனம்பாக்கம் பக்கம். இரவில் இந்த ஊர்களிலிருந்து வரிசை கட்டிக் கிளம்பும் பேருந்துகளை ஒருநாள் நின்று எண்ணச் சொல்லுங்கள். ரயில்வேயின் சந்தை ஆய்வுக்கு அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேராவூரணியிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் தேங்காய் லாரியில் போகிறது. மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, ஜெகதாப்பட்டினம் மீன் வண்டியில் போகிறது. இவற்றை எல்லாம் ரயிலுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நான் கனவு காணவில்லை. மீனுக்கு லாரிதான் சரி. தேங்காயை யோசிக்கலாம். ரயிலில் ஒரு பார்சல் பெட்டி இணைத்து, பட்டுக்கோட்டையில் ஏற்றுவதற்கு மட்டும் நிறுத்த நேரத்தை நீட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போணியாகாவிட்டால் கழற்றிவிடட்டும்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

முதலில் எங்களுக்கென்று ஓர் இரவு ரயில். காரைக்குடியில் தொடங்கி, பட்டுக்கோட்டையைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு, ஒன்பது பத்து மணிக்குக் கடந்து, சென்னையில் விடிந்த பிறகு சேருவது, திரும்பும்போதும் அப்படியே. எழும்பூரில் இடமில்லை என்றால் தாம்பரம் போதும், கௌரவம் பார்க்கவில்லை. பெயர் கம்பன் எக்ஸ்பிரஸ். புதிய பெயர் தேடிச் சிரமப்பட வேண்டாம்.

அடுத்தது, வேலைக்கும் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கான ரயில். திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் மாவட்டத் தலைநகர் திருவாரூர். கலெக்டர் ஆபீஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாம் அங்கேதான். காலை ஒன்பதுக்குள் திருவாரூர் சேர்ந்து, மாலை ஐந்தரைக்கு மேல் அங்கிருந்து திரும்பும் டெமு வேண்டும். இதே போல அறந்தாங்கி, புதுவயல் பக்கத்திலிருந்து காலையில் காரைக்குடிக்கு. திருவாரூரில் தஞ்சாவூர் ரயிலையும் காரைக்குடியில் திருச்சி ரயிலையும் ஓடாமல் வியர்க்காமல் பிடிக்க முடிய வேண்டும். இதற்குப் புதிய தண்டவாளம் தேவையில்லை. ஒரு ரயிலும், அட்டவணை போடுகிறவரின் மேசையில் பத்து நிமிட அக்கறையும் போதும்.

மூன்றாவது, ஆட்கள். திருவாரூர்–காரைக்குடிப் பாதையில் கேட்கீப்பர், ஸ்டேஷன் மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டவை எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர், எந்தெந்த நிலையம் இரவில் மூடிக் கிடக்கிறது என்று நாடாளுமன்றத்தில் எழுத்துக் கேள்வி போடுங்கள். நால்வரும் தனித்தனியாக, தத்தம் துண்டுக்கு மட்டும் கேட்காமல், 149 கிலோமீட்டருக்கும் சேர்த்துக் கேளுங்கள். பதில் அச்சில் வந்தால் அதை வைத்து நாங்கள் பேசிக்கொள்கிறோம். கேட்டுக்குப் பதிலாகக் கட்டிய சுரங்கப்பாதைகளில் ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்பதையும் அதே கேள்வியோடு சேர்த்துவிடுங்கள். டெல்டாவில் பூமிக்குக் கீழே பாதை தோண்டினால் தண்ணீர் வரும் என்பதை எங்கள் ஊரில் மாடு மேய்க்கும் பையன் சொல்லியிருப்பான்.

ஒன்றை நீங்கள் கேட்கவேண்டாம் என்றும் சொல்கிறேன். இதில் என் ஊர்க்காரர்களே என்னோடு சண்டைக்கு வருவார்கள். தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை, மன்னார்குடி–பட்டுக்கோட்டைப் புதிய பாதைகளை ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் வைக்கிறோம். அவை வேண்டியவைதான். ஆனால் ஓராண்டு முழுவதற்கும் ஒரு திட்டத்துக்கு 1,000 ரூபாய் ஒதுக்கிய வேடிக்கையை ரயில்வேயின் நிதி ஒதுக்கீட்டுப் புத்தகமான பிங்க் புக்கில் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. புதிய பாதை கேட்டுக்கொண்டிருக்கும்வரை, இருக்கிற பாதையைப் பற்றிக் கேட்காமல் தப்பித்துக்கொள்ள எல்லோருக்கும் வசதி. அமைச்சருக்கும் வசதி, உங்களுக்கும் வசதி, மேடையில் பேசுகிற எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் வசதி. போட்ட பாதையில் ரயிலை ஓட்டவைத்துவிட்டு அடுத்ததைக் கேட்போம்.

உங்கள் தனித்தனிக் கடிதங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒருவர் ஒரு நிறுத்தம் கேட்பார். அது கிடைத்ததும் பேனர் வைப்பார்கள். இன்னொருவர் வேறொரு நிறுத்தம் கேட்பார். ரயில் மெதுவாகும், நேரம் மாறும், பேனர் மட்டும் கூடும். நிறுத்தம் கேட்பது தவறில்லை. நான்கு பேர் நான்கு நிறுத்தம் கேட்கும்போது ரயில்வே கொடுப்பதற்கு மிக மலிவான பொருள் அதுதான் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு நிமிட நிறுத்தத்துக்குப் பணியிடமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

தென்னக ரயில்வேயின் பொது மேலாளர் திருச்சியிலும் மதுரையிலும் உறுப்பினர்களை அழைத்துக் கூட்டம் நடத்துகிறார். அங்கே இருவர் இந்தப் பக்கமும் இருவர் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து உட்கார்ந்து எங்கள் பாதையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்வதைவிட, அதற்கு முன்பே நால்வரும் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தை மேசையில் வையுங்கள். ஒரு பக்கம் போதும். இரவு ரயில், காலை மாலை டெமு, பணியிடக் கணக்கு. மூன்றே வரி. சந்திப்பதற்கு இடம் வேண்டுமென்றால் பட்டுக்கோட்டைக்கு வாருங்கள். பாதைக்கு அதுதான் நடு, மதியச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு எங்கள் பொறுப்பு. ரயிலில் வந்தால் நல்லது, திரும்பிப்போக எது கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அடுத்த கால அட்டவணை வெளிவருவதற்கு முன் அந்தக் கடிதம் போக வேண்டும். போனதும் அதன் நகலை நான்கு தொகுதிகளின் ரயில் நிலையங்களிலும் ஒட்டுங்கள். உங்கள் பதிலுக்காகத் திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டைப் பக்கத்து ரயில் பயணி ஒருவன்